சாவு விழுந்த நாளின் பாடு

என்னைப் பெற்ற நைனாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் என் தம்பியின் மண்டையை உடைத்தார். முதல்நாள் நைனாவைப் பாடையில் ஏற்றும்போது ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்தவர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

எல்லாம் பாடு என்கிற ஒன்றால் வந்த வினை. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே என் பிறந்த ஊர் ஒருநாள், புகுந்த ஊர் ஒருநாள் என்று மாற்றி மாற்றி வலை கட்டுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். நைனா செத்த அன்று பிறந்த ஊரின் பாடு. சாவு விழுந்தால் யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். போன பாடு போனதுதான், மறுநாள் எங்களுது என்று இவர். சாவு நாள் கணக்கிலேயே சேராது, மறுநாள் எங்களுதுதான் என்று அவன். முதல்நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்க வீட்டில் எப்படிப் பாடு பேசுவது என்று இரண்டு பேரும் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டு இருந்தார்களாம்! விடிந்ததும் ஒரே இடத்தில் இரண்டு படகு. வாய்ச்சண்டை முற்றி, இவர் படகு தள்ளுகிற கழியை ஓங்கிவிட்டார்.

பால் தெளிக்கச் சொம்போடு நான் வாசலில் காத்திருக்கிறேன். "வலையைக் கட்டிட்டு தோ வந்துர்றேன்க்கா" என்று போன தம்பியை ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தால், என் மாமியார் சொல்கிறார், "ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும். கூடப் பொறந்த கொணம் அது. அதுக்கு இன்னா பண்றது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "கூடப் பொறந்ததா? நண்டு ஏஜெண்டு பாதி நண்டை வேணாம்னு தூக்கிப் போடறானே, அப்ப உம் புள்ள தலையைச் சொறிஞ்சிக்கினு நிக்கறாரு. அப்ப எங்க போவுது அந்தக் கொணம்? ஆள் பாத்துதான் வருமா?"

எல்லோரும் சேர்ந்து மனித சுபாவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். சிக்கு விழுந்த வலையை நாளெல்லாம் உட்கார்ந்து பொறுமையாகப் பிரிக்கிற கை இவருடையது. அதற்குப் பொறுமை தெரியாது என்று சொன்னால் நான் நம்பவேண்டுமா?

என் கவலை வேறு. கருமாதி அன்று மொட்டை போட்ட மகனுக்கு மருமகன்தான் புதுத்துண்டால் தலைக்கட்டு கட்டவேண்டும், அது எங்கள் வழக்கம். கட்டாவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் நான் பிறந்த வீட்டுப் படி ஏற முடியாது. இவரிடம் ஒரு நாள், அவனிடம் ஒரு நாள் என்று படகில் போய் வந்து என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், எனக்காகவாம்.

கருமாதி அன்று தம்பி தலையில் தையலை விட்டுச் சுற்றிலும் மழித்திருந்தார்கள். இவர் புதுத்துண்டைப் பிரித்து, காயத்தில் படாமல் அவ்வளவு மெதுவாகச் சுற்றினார். "வலிக்குதா மச்சான்?" என்று வேறு கேட்டார். "இல்ல மாமா, இறுக்கியே கட்டு" என்றான் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நல்லபடியாக முடிந்ததே என்று மூச்சு விட்டேன்.

பந்தியில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். ரசம் ஊற்றும்போது இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"இருந்தாலும் மச்சான், நாயமாப் பாத்தா அந்தப் பாடு எங்களுதுதான்."

"அதெப்படி மாமா? சாவு நாளு கணக்குல வராதுன்னு ஊருக்கே தெரியும்."

இவர் இலையிலிருந்து கையை எடுத்தார். அவனும் எடுத்தான்.

ரச வாளியை நங்கென்று தரையில் வைத்தேன். "ஒரே பேஜாராப் போச்சுடா உங்களோட! அன்னிக்குப் பாடு உங்க ரெண்டு பேருதும் இல்ல. செத்தவருது. இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? போய் நைனாவைக் கேளுங்க!"

இவர் குனிந்து இலையைப் பார்த்தார். தம்பி எச்சில் கையோடு அப்படியே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். நைனா போனதற்கு அவன் அழுது அப்போதுதான் பார்த்தேன்.