திருவிழாவுக்கு முந்தின நாள் வந்தவர்கள்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வந்தது சனிக்கிழமை. ஊர் ஊராகப் போய்ப் பழைய இசையைக் கேட்டு, கிராமத்து வாழ்க்கையைப் பார்க்கிறவர்களாம். தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரக் கணவன் மனைவி. ஒரு நாள் பொறுத்திருந்தால் எல்லாவற்றையும் கண்ணாரப் பார்த்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையிலேயே மலையிறங்கி கிளந்தான் மாநிலத்துக்குப் போக வேண்டுமாம், அங்கே வேறு ஏதோ மேளம் கேட்க ஏற்பாடாம். கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு நாள் தங்க நேரமில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கம்போங் ராஜா என்ற ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்; இருந்த தப்பும் ஒன்றுதான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் மகளுக்கு அம்மை போட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். பிள்ளைக்கு நல்லபடியாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், அவள் அப்பன் தப்படித்து முன்னால் போக நான் தீச்சட்டி ஏந்தி வருகிறேன் என்று அம்மனிடம் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். எங்களில் வேண்டுதலை எப்படிச் சொன்னோமோ அப்படியே செலுத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடன் தீராது. மகள் பிழைத்தாள், கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்தத் திருவிழாவுக்காக நாள் எண்ணிக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அந்த இருவரையும் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அழைத்து வந்தார். அந்தம்மா என்னைக் கொழுந்து பறிக்கும் பாட்டுப் பாடச் சொன்னார். கொழுந்து பறிக்கும்போது யார் பாடுகிறார்கள்? கங்காணி வைவதைக் கேட்கவே காது போதவில்லை. சினிமாப் பாட்டு வேண்டுமானால் தெரியும் என்றேன். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டு வானொலியை நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகு, பழைய காலத்து மாதிரி இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரையும் கம்பளிக் குல்லாவையும் கழற்றச் சொன்னார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் தடித்த கோட்டுக்குள் நின்றார்கள். இவர் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டுப் பனியனோடு நடுங்கினார். துரை என்ற பேச்சு காதில் விழுந்தாலே இவருக்குத் தலை தானாக ஆடும்.

தப்பின் தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்றிய பிறகுதான் அடிப்பார்கள். எங்கள் மலை ஈரத்தில் அது சீக்கிரமே தொய்ந்துவிடும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி இவர் தப்பைக் காய்ச்சினார், அடித்தார். அந்த மனிதர் தோளில் தொங்கிய பெட்டியில் பதிவு செய்தார். நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தம்மாவுக்கோ நெருப்பில் தப்பைக் காட்டுகிற காட்சி பிடித்துப்போய்விட்டது. கேமராவில் படம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை. இன்னும் கிட்டே. நெருப்பு இன்னும் பெரிதாக.

“தோலு காஞ்சிருச்சு. போதும்னு சொல்லுங்க கிராணி,” என்றேன்.

“தொரையோட விருந்தாளிம்மா. கொஞ்சம் சும்மா இரு லா,” என்றார் அவர்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். “நீங்களாச்சும் சொல்லுங்க.”

“இன்னொரு தடவதானே புள்ள,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார்.

வெடித்த சத்தம் பெரிதாக இல்லை. தோல் விளிம்பிலிருந்து நடுவரை கிழிந்திருந்தது. அந்தம்மா அதையும் ஒரு படம் எடுத்தார். வருந்துவதாகச் சொன்னார்கள், கை குலுக்கினார்கள், பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அன்று நான் இவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. புதுத் தோல் கட்டினால் அது காய எங்கள் பனியில் வாரக்கணக்காகும். பக்கத்துத் தோட்டத்தில் தப்பு வைத்திருந்தவர் வேறு திருவிழாவுக்குப் போயிருந்தார். இவர் லோரி ஏறி திரிங்காப், கோலா தெர்லா என்று பக்கத்து ஊர்களில் அலைந்தார். அங்கே முட்டைக்கோசும் பூவும் கிடைக்கும், தப்பு எங்கே கிடைக்கும்? கடைசியில் கம்போங் ராஜாக் கடையிலிருந்து ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, பக்திப் பாட்டு கேசட்டைப் போட்டு ஊர்வலத்தை நடத்தினார்கள். நான் தீச்சட்டி ஏந்தினேன். இவர் வெறுங்கையோடு முன்னால் நடந்தார். கை சுட்டது. அருள் வரவில்லை. கோயிலில் சட்டியை இறக்கியபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தப்பின் சத்தம் அந்நேரம் அந்த மனிதரின் பெட்டிக்குள் உட்கார்ந்து கிளந்தானுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தீராத கடனை அடுத்த வருஷம் செலுத்துவதென்று முடிவாயிற்று. இவர் புதுத் தோல் கட்டி வைத்திருந்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் கிராணி மறுபடியும் வாசலில் வந்து நின்றார். துரைக்கு வேறு விருந்தாளிகளாம், கொஞ்ச நேரம் அடித்துக் காட்டினால் போதுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார்.

“அடிக்கிறது அம்மனுக்குங்க. கேக்கணும்னா நாளைக்கு வந்து கூட்டத்தோட நிக்கச் சொல்லுங்க.”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதுபோல் கிராணி என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கேட்கிற ஆளாக இருந்தால் போன வருஷமே கேட்டிருப்பாரே.

கிராணி போனதும் இவர் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “தொரை கோவிச்சுக்குவாரா புள்ள?” என்றார். சோறு போடும்போதும் அதே கேள்வி, படுக்கும்போதும் அதே கேள்வி. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முடியாது என்று சொல்லிவிட்டு இத்தனை புலம்பல். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

மறுநாள் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் அடித்தார். சட்டியை ஏந்திக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பங்களா பக்கம் திரும்பியபோது இவர் கை தயங்கியது. துரை நிற்கிறாரா என்று கூட்டத்தில் தேடினார்.

“முன்னால பாத்து அடிங்க,” என்றேன்.

அடித்தார். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து சட்டியை வாங்கி இறக்கி வைத்தது யார் என்பதைக்கூட மகள்தான் பார்த்துச் சொன்னாள்.