கிராம்புக்கு அடியில் ஒளித்த நம்பர்

அலவத்துகொடயில் ஏலம், கிராம்பு விற்கிறேன். எங்கள் இணையத்தளத்தைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவர, தேடுபொறிக் கம்பனி ஒன்றின் காப்புரிமைப் பத்திரத்தை வாசித்தேன். எந்தத் தளத்தை முன்னுக்குக் காட்டுவது என்று பார்க்க, இணையப் பக்கத்தில் ஆட்கள் நிற்கும் நேரத்தையும் கணக்கில் ‘எடுக்கலாம்’ என்றிருந்தது. உடனே கிராம்பைப் பற்றி நீட்டி முழக்கி எழுதி, போன் நம்பரைக் கடைசியில் ஒளித்துவைத்தேன். ஆட்கள் நெடுநேரம் நின்றார்கள், போன்தான் அடிக்கவில்லை.

ஒருநாள் நாவலப்பிட்டிச் சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர் நேரில் வந்தார்.

“மொதலாளி, ஒங்க நம்பரைத் தேடியே முழுசையும் வாசிச்சேன். இப்ப கிராம்புல சோதனையே எழுதுவேன்!”

“எத்தின கிலோ வேணும்?”

“அத வேற கடையில வாங்கிட்டேங்க. அங்க நம்பர் மேலயே இருந்திச்சி. இவ்வளவு எழுதுன ஆளப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

இப்போது நம்பர் முதல் வரியில் இருக்கிறது. காப்புரிமையில் ‘எடுக்கலாம்’ என்று கண்டால், ‘எடுக்காமலும் விடலாம்’ என்று நானே சேர்த்து வாசித்துக்கொள்கிறேன்.