எங்கள் தெருவின் பெயர்

லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து ஏழு வருடமாகிறது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் பேச ஆளில்லை. ஹிப் ஹாப் பாட்டின் வரலாற்றை இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்ததே நாலு முகத்தைப் பார்க்கத்தான். போன இடத்தில் தஞ்சாவூர்க்கார அக்கா ஒருவர் கிடைத்தார். எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு வருவார். வகுப்பு முடிந்து பேருந்து வரும்வரை வாய் ஓயாமல் பேசுவோம். வாரத்தில் நான் தமிழ் பேசுவது அந்த ஒரு மத்தியானம்தான்.

அவரிடம் ஒரு கேள்வி மட்டும் ஓயாது. "ஊரைச் சொல்லிட்டே, ஊர்ல எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லையே?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்க்கா" என்று மழுப்பிவிடுவேன். "உண்மையில் எந்த நாடு?" என்று வெள்ளைக்காரர்கள் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அக்கா கேட்டால் பயம்தான் வரும். காலனி என்று சொன்னால் சாதி தெரிந்துவிடுமே.

பாடம் நடத்தியவர் ஜமைக்கா வம்சாவளிப் பெண். நியூயார்க்கில் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழ்ந்த, நகரமே கைகழுவிவிட்ட தெருக்களில் பிறந்த பாட்டு இது என்றார். "எதைச் சொல்லி உங்களை மட்டம் தட்டினார்களோ, அதை முதல் வரியில் வையுங்கள். உங்கள் மொழியிலேயே பாடுங்கள்."

என் முறை வந்தது. எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ, மேசையைத் தட்டிக்கொண்டே பாடிவிட்டேன்:

"மேலத்தெருவுல செருப்பைக் கையில தூக்குனா எங்கம்மா,
காலனிக்காரி மக நான், லண்டன்ல பூட்ஸு போட்டேம்மா!"

"இன்னொரு முறை!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அர்த்தம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த அக்கா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அன்று வாசலிலேயே, "நான் கடைக்குப் போகணும், நீ கிளம்பு" என்றார். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்பே வந்து ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாடியதற்காக நான் வருத்தப்படவில்லை. வேண்டுமானால் இன்னும் உரக்கப் பாடுவேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது யார் கண்ணிலும் படக் கூடாதென்று, குளிரக் குளிர என் கோட்டைக் கழற்றி அதில் வைத்தேன்.