ஐந்தாம் தேதி வரும் பூஜ்யம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது என்னிடம் கேட்டால், என் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். "கொசு கணக்கு எடுத்துக்கினு இருக்குறா." டெங்கு என்றால் கௌரவம். பால்வினை நோய்க் கணக்கு என்று உள்ளதைச் சொன்னால் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார ஆள் வர மாட்டார்கள். சித்தூரில் எங்கள் தெரு முழுக்க என்னைக் கொசு அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

உண்மையான வேலை இதுதான். சாந்திபுரம் பக்கத்திலிருந்து பிச்சாட்டூர் பக்கம் வரை பதினான்கு சுகாதார நிலையங்கள். இந்த மாதம் எத்தனை பேருக்குப் புண், எத்தனை பேருக்கு எரிச்சல், எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் கிரந்தி நோய் என்கிற சிபிலிஸ், எத்தனை பேருக்கு மருந்து போட்டாயிற்று என்று ஒவ்வொருவரும் ஐந்தாம் தேதிக்குள் எனக்கு அனுப்ப வேண்டும். பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் கணக்கில் ஏறிவிடாமல் பார்த்து, கூட்டி, மேலே அனுப்புவது நான். ஜில்லாவை இரண்டாகப் பிரித்தார்கள். என் வேலையைப் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

இதற்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் காலை ஐந்து மணிக்கே பெருமாள் வந்துவிடுவார், ஆறு மணிக்குத் தாயார், ஏழு மணிக்கு ரோஜாப்பூ. ரிப்போர்ட் மட்டும் வராது. ஒருநாள் எரிச்சலில், "சாமி படம் போதும், ரிப்போர்ட் போடுங்கள்" என்று எழுதினேன். அன்றிலிருந்து என் மேலதிகாரிக்கு நான் நாத்திகவாதி. மற்றவர்கள் ரிப்போர்ட்டையும் சாமி படத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்.

பதினான்கில் ஒன்று மட்டும் நேரம் தவறாது. தமிழ்நாட்டு எல்லை ஓரத்தில் ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையம், ஊர் பெயர் வேண்டாம். அங்குள்ள நர்ஸ் ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்குள் படிவத்தை அனுப்பிவிடுவார். ஒவ்வொரு கட்டத்திலும் குண்டு குண்டாக, அழகான பூஜ்யம். எத்தனையோ வருடமாக அந்த ஊரில் யாருக்கும் ஒன்றுமே வந்ததில்லை. லாரி ஓடும் சாலை, வெளியூர் வேலைக்குப் போகும் ஆண்கள், இரண்டு ஒயின்ஷாப் எல்லாம் இருந்தும் பூஜ்யம். அங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். இது ஏழுமலையானின் பூமி, இங்கே அந்த மாதிரி வியாதியெல்லாம் வராது என்றார். அந்த ஏழுமலையானின் காலடியிலேயே எங்கள் திருப்பதி கிளினிக்கில் வரிசை வாசல் வரை நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே நாத்திகப் பட்டம் இருப்பதால் விட்டுவிட்டேன்.

முடிச்சு திருப்பதியில் அவிழ்ந்தது. எங்கள் கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் பெண் ஒருநாள் புலம்பினாள். எல்லைப் பக்கத்திலிருந்து ஆண்கள் வருகிறார்கள், வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட வேண்டும், முதல் ஊசியோடு காணாமல் போய்விடுகிறார்கள். எல்லோரும் தலையில் சந்தனம் பூசிய புது மொட்டை. திருப்பதியில் மொட்டையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை. பிறகு ஆலோசனைப் பெண் அடையாளம் காட்ட, தெருவில் அகப்பட்ட ஒருவரை மடக்கி, ஏன் இரண்டாவது ஊசிக்கு வரவில்லை என்று கேட்டேன். அவர் தன் தலையைத் தடவிக் காட்டினார்.

"சாமிக்கு முடி குடுக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன் மேடம். அடுத்த வாரம் எத்தக் குடுக்குறது?"

அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். எங்க ஊர் சிஸ்டரம்மாதான் என்றார். திருப்பதிக்கு ஏன் போகிறாய் என்று எவனும் கேட்க மாட்டான், மொட்டையோடு திரும்பினால் கையெடுத்துக் கும்பிடுவான் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புகிறாராம். பெண்களென்றால் பூமுடி, அதாவது நுனியில் கொஞ்சம் முடி மட்டும், கொடுத்துவிட்டு வரச் சொல்வாராம்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றே பஸ் ஏறினேன். நர்ஸுக்கு ஐம்பது வயது, கனத்த குரல், இடுப்பில் சாவிக்கொத்து. மோர் கொடுத்து, நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணுன்னு எழுதினா, அது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள ஊரே சொல்லும் மேடம். ஜீரோன்னு எழுதினா எவனும் தேட மாட்டான்."

ஆத்திரம் அடங்காமல், நீங்கள் அனுப்புகிறவர்கள் இரண்டாவது ஊசிக்கு வருவதே இல்லை, வியாதி உள்ளேயே கிடக்கிறது என்று போட்டு உடைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருடமும் அவர்களைக் குணமாக்கி அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியென்றால் மருந்தை இங்கே அனுப்புங்கள், நானே போடுகிறேன் என்றார். பூஜ்யம் அனுப்பும் இடத்துக்கு யார் மருந்து தருவார்கள், முதலில் உண்மையை எழுதுங்கள் என்றேன். முதலில் மருந்து வரட்டும் என்றார். நானும் பிடிவாதக்காரி, அவரும் பிடிவாதக்காரி. அடுத்த ஐந்தாம் தேதியும் குண்டு பூஜ்யம்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, திருப்பதியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தத்தில் கிரந்தி நோய் இருப்பது தெரிந்தது. முதல் பிரசவம். தாய்க்கு மூன்று ஊசியும் போட்டு, அது பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றிலேயே பிள்ளை போய்விடலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். பரிசோதனை கிட் தீர்ந்துபோனதால் முடிவு வர நான்கு நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். கொடுத்திருந்த எண்ணில் கணவன் எடுத்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, பின்னால் ஒரே இயந்திரச் சத்தம். விஷயத்தை அவனிடம் சொல்லக் கூடாது, முகவரி மட்டும் கேட்டேன்.

"வளையல் போட்டு அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம் மேடம்," என்று ஊர் பெயரைச் சொன்னான். "என் மாமியார் அங்க நர்ஸு."

போனை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். இன்னொன்று வாங்கினேன்.

புதன்கிழமை நர்ஸ் தடுப்பூசி போடக் கிராமங்களுக்குப் போய்விடுவார். அந்த நாளாகப் பார்த்து அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பெண் மிக்சர் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை மிக்சரில் கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். ஊசி போட்டால் ஆகாது என்றேன். வீட்டுக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா அவர ஜென்மத்துக்கும் வாசப்படி ஏத்தாது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? ஸ்கேன் என்று பொய் சொல்லி அவளைத் திருப்பதிக்குக் கூட்டி வரப் பார்த்தேன். வளையல் போட்ட பெண் ஆறு தாண்டக் கூடாது என்று தாய் போனிலேயே மறுத்துவிட்டார். ஊர் ஜனத்தையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பியவர், சொந்த மகளை மட்டும் விடவில்லை. கடைசியில் மருந்தைத் திருப்பதியிலிருந்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு நானே போனேன். அந்த நிலையத்து டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, புதன்கிழமை நீங்களே போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நெளிந்தார். புதன்கிழமை கேம்ப், தவிர இடுப்பில் ஊசி போட்டு வருடக்கணக்காகிறது, சிஸ்டருக்குத்தான் நல்ல கை, வியாழக்கிழமை வாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். நிற்க மட்டும் ஒரு டாக்டர்.

வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஒரு பொய் தயாரித்தேன். மூட்டுவாதக் காய்ச்சலுக்கும் இதே ஊசிதான், பெண்ணுக்குச் சின்ன வயதில் அந்தக் காய்ச்சல் வந்த மாதிரி தெரிகிறது என்று. வியாழக்கிழமை மேஜை முன்னால் நின்று பாதிதான் சொன்னேன். நர்ஸ் என் கையிலிருந்து மருந்துக் குப்பியை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, லேபிளைப் படித்தார். பெற்ற தாயிடம், அவள் பெண்ணுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மகளைப் படுக்க வைத்தார். முதலில் கையில் துளி மருந்து போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மருந்தைக் கலக்கி, "வலிக்கும். பல்லக் கடிச்சிக்கோ" என்று மட்டும் சொல்லி, இரண்டு பக்கமும் போட்டார். டாக்டர் சொன்னது சரி, நல்ல கை. பெண் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். வலிக்காக மட்டும் இல்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என் பொண்ணுக்குப் போட என் பீரோல ஒரு குப்பி இல்ல பாத்தீங்களா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொண்டாட்டி மாசமா இருந்தா புருசன் முடி எடுக்கக் கூடாது. அந்த ஆளு இன்னா சாக்கு சொல்லிக்கினு வந்தான் உங்க கிட்ட?"

நோயாளி விஷயம் வெளியே சொல்லக் கூடாது. சொன்னேன். "ஒரு சாக்கும் சொல்லல சிஸ்டர். பொண்ணு போன் பண்ண மறுநாளே எடுக்காத தாடியோட வந்து நின்னாரு. ரெண்டாவது ஊசிக்கு நாள் குறிச்சிக்கினு போயிருக்காரு."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "தாடியோடவா" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது. எனக்கும்தான்.

மீதி இரண்டு ஊசியும் அவர் கையாலேயே போட்டார். அடுத்த ஐந்தாம் தேதி, எட்டு மணிக்கு முன்பாக, படிவம் வந்தது. கர்ப்பிணிகள், கிரந்தி நோய், சிகிச்சை முடிந்தது என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார். விதிப்படி அது தப்பு. அந்த ஒன்றைத் திருப்பதி ஏற்கெனவே எழுதிவிட்டது. நான் போன் செய்து, அதை அழித்துப் பூஜ்யம் போடுங்கள் சிஸ்டர் என்று சொல்லியாக வேண்டும். எத்தனை வருடமாக அந்தப் பூஜ்யத்தோடு மல்லுக்கு நின்றவள் நான். போனைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிட்டு, திருப்பதிக் கணக்கிலிருந்து ஒன்றைக் கழித்தேன். ஆலோசனைப் பெண் என் கேஸைத் திருடிவிட்டீர்கள் என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எல்லை ஓரத்துக்கு முதல் தடவையாக மருந்து போயிற்று. அடுத்த மாதம் அங்கிருந்து மூன்று வந்தது. மூன்று பேருக்கும் தலையில் முடி இருந்ததாக நர்ஸ் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. போன மாதம் நர்ஸ் எனக்குப் போன் செய்தார். குடும்பத்தோடு திருப்பதி வருகிறார்களாம், மருமகனும் கூட வருகிறாராம்.

"பாப்பாக்கு மொட்ட போடணும் மேடம். இது நெஜமாவே சாமிக்குத்தான், நீங்க பின்னாடியே வந்து விசாரிக்காதீங்க."

விசாரிக்கவில்லை. லீவு போட்டுவிட்டு நானும் அவர்களோடு மலை ஏறினேன்.