ரெபரி இன்னாசிமுத்துவின் கிழக்கும் மேற்கும்

பாலவனத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜவுளிக்கடைச் சின்னையாதான் சேதி சொன்னார். "ஏலே, நம்ம ரெபரி அண்ணாச்சி போய்ட்டாக." என் வாய் சும்மா இருக்குமா? "மூணு எண்ணி முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். குஸ்தியில் விழுந்தவன் எழாவிட்டால் மூன்று எண்ணுவது அவர் வேலை. சின்னையா சிரிக்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் நானும் அழுதுவிட்டேன்.

இன்னாசிமுத்து அண்ணாச்சியின் குஸ்தியை உங்களில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள், மீதிப் பேர் நாற்காலியில். ஐந்தடி மனிதர். எட்டுப் பயில்வான்களைக் கட்டி மேய்த்துக்கொண்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று ஊர் ஊராகப் போவார். மைக்கில் கத்துவதும் சனங்களை உட்கார வைப்பதும் என் வேலை. மற்ற எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை என்பதை அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"பிள்ளகுட்டியோட வாரவுக பயந்துரக் கூடாது. பீடியோட வாரவுக ஏமாந்துரக் கூடாது. அடி ஒண்ணுதான், ரெண்டு வேல செய்யணும்" என்பார். அதற்கு அவர் வைத்திருந்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் கிழக்கே பாயில், ஆண்கள் மேற்கே நாற்காலியில். சிரிப்பு அடியெல்லாம் கிழக்குப் பார்த்து விழும். ரத்தம் மேற்குப் பார்த்துக் கொட்டும். ரத்தம் என்பது கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலைதான். இது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு மலைகளின் முழங்கையை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுத் திருப்பிவிடுவார். ஒரே சண்டையை இரண்டு கூட்டம் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டுப் போகும்.

இதை ஒருமுறை நான் கெடுத்தேன். பாளையம்பட்டிப் பக்கம் வறண்ட கண்மாய்க்குள் நான்கு நாள் ஆட்டம். இடம் கொடுத்த ஊர்ப் பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்: "ஒரு பொம்பள முகஞ்சுளிச்சு எந்திரிச்சாலும் மறுநாளு ஆட்டம் கெடையாது." கிடையாது என்றால் எட்டுப் பேருக்கும் பட்டினி. அது ஆடி மாதம், சாயங்காலம் நாலு மணி. கிழக்கே உட்கார்ந்தால் வெயிலும் காற்றும் புழுதியும் நேரே முகத்தில். முப்பதை நெருங்கியும் எனக்குப் பெண் அமையாத காலம் அது. பாயில் இருந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. பெண்களை மேற்கேயும் ஆண்களைக் கிழக்கேயும் மாற்றி உட்கார வைத்துவிட்டேன். கூடாரத்துக்குள் இருந்த அண்ணாச்சியிடம் சொல்ல மறந்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடையேறுகிறவர். தூரத்து மனிதர்கள் அவருக்கு வெறும் நிறங்கள்.

எங்கள் பயில்வான் முரட்டு மூக்கனுக்குத் தாடையில் குத்து விழுந்தது. அண்ணாச்சி வழக்கம்போல் அவனை மேற்கே திருப்பினார். அவன் 'புளிச்'சென்று துப்பினான். முன்வரிசைப் பிள்ளைகள் வீரிட்டன. பெண்கள் எழுந்தார்கள்.

பிள்ளைகளின் அழுகை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் ஒரு கணம் காது கொடுத்தார். அவ்வளவுதான். மேற்கே பார்த்து நின்று, மூக்கனின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, விரல் விட்டு அந்தச் சக்கையை எடுத்தார். நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பெண்களுக்கு மட்டும் காட்டினார். "வெத்தல தாயி, வெறும் வெத்தல. ஆம்பளைககிட்டச் சொல்லிராதீக!" இப்படிச் சொல்லும்போதே சிவந்திருந்த இடது கையைப் பின்னால் கொண்டுபோய் வெள்ளைச் சட்டையின் முதுகில் அழுத்தித் துடைத்தார். கிழக்கே ஆண்கள் எம்பிக் குதித்தார்கள். "யாத்தே, ரெபரியவே கிழிச்சுட்டாண்டோய்!"

இங்கே ஒரு பெண் இடுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "அட வெளங்காத மனுசா, இதுக்குப் போயி எம்புள்ள சீலய நனைச்சுட்டானே!" என்றாள். சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது. உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையையும் பொய்யையும் ஒரே மூச்சில், ஆளுக்கொன்றாகப் பரிமாறிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெண்களும் அவருக்கு மேல். நாலு நாளும் ஒருத்திகூட ஆண்களிடம் வாய் திறக்கவில்லை. கண்ணைத் துடைத்தவள்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறாள். அவளுடைய அப்பா கடைசிவரை அது ரத்தம் என்றே நம்பிக் கண்ணை மூடினார்.

ஆட்டம் முடிந்ததும் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"எதுக்குலே மாத்துன?"

"கண்ணுல புழுதி விழுந்துச்சு அண்ணாச்சி. அவுகளுக்கு."

முதுகு சிவந்த சட்டையைக் கழற்றினார். "இத்தன வருசமா அவுக கண்ணுல எது படக்கூடாதுன்னு பாத்தேன். புழுதிய யோசிக்கலயேலே."

மறுநாளிலிருந்து, பெண்கள் தாங்களே இடம் பார்த்துப் பாய் விரித்து உட்காரும்வரை அவர் கூடாரத்துக்கு வெளியே கண்ணாடியோடு காத்து நின்றார். அதன் பிறகுதான் உள்ளே போய், எந்தப் பக்கம் துப்புவது என்று மூக்கனுக்குச் சொன்னார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, அவர் அப்படிக் காத்து நின்ற அந்தக் கால் மணி நேரம்தான்.