பெயரில்லாத ஒருவரைத் தேடிய ரிக்கார்டு ரூம்

பழைய துணி, வௌவால் எச்சம், கற்பூரம்... மூன்றும் கலந்த ஒரு வாடை. இரணியல் கோர்ட்டு ரிக்கார்டு ரூம் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் முகத்தில் அடிக்கும். இன்றைக்கும் பழைய பெட்டி எதையாவது திறந்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

நான் சொல்கிறேன், பேரன் தட்டுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள். ஞாபகப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள், வயது நூறை நெருங்குகிறது.

அப்போது இங்கே மலையாள ராஜா ஆட்சி. நாற்பதுகளின் நடுவில் என்று வையுங்கள். நான் கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போகாதவன். தமிழும் மலையாளமும் எழுதத் தெரியும் என்பதால் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

திரேசம்மாள் அங்கேதான் வந்தாள். இராஜாக்கமங்கலம் பக்கம், மீன் விற்கிறவள். கணவர் சூசை சில வருஷங்களுக்கு முன்னால், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், கட்டுமரத்தில் போனவர். மரம் மட்டும் கரைக்கு வந்தது. போதாக்குறைக்கு யாரோ ஒரு புண்ணியவான் அவரைக் கொழும்பில் பார்த்ததாகக் கிளப்பிவிட்டிருந்தான். அதனால் தாலியைக் கழற்றவும் முடியவில்லை. இறந்தவர் பூசை வைக்கக் கேட்டால், அத்தாட்சி கொண்டுவா என்றாராம் பங்குச் சாமியார்.

"இருக்காருன்னா காத்துக் கெடப்பேன். இல்லேன்னா அழுது தீப்பேன். ரெண்டும் இல்லாமத்தான் கெடக்க முடியல்ல, எழுத்துக்காரரே."

கரையில் பிணம் ஒதுங்கினால் போலீஸ் வந்து பார்த்து, உடம்பில் என்னென்ன இருந்தது என்று எழுதி கோர்ட்டுக்கு அனுப்பும். துர்மரண ரிப்போர்ட்டு என்போம். நாகர்கோவில் கோர்ட்டில் தேடியாயிற்று, ஒன்றுமில்லை. மார்கழியில் கடல் மேற்கே இழுக்கும், மேற்கேதான் ஒதுங்கியிருப்பார் என்று அவளே யோசித்து இரணியலுக்கு வந்திருந்தாள். எனக்கு அது தோன்றியே இருக்காது. பேருக்குத்தான் நான் கடற்கரைக்காரன்.

மனு எழுதி ரிக்கார்டு கீப்பர் பிள்ளையிடம் கொடுத்தேன். வாயில் வெற்றிலையோடு சிரித்தார்.

"பொணத்துக்குப் பேரு கெடையாதுல்லா வேய். பேரில்லாம நான் எந்தக் கெட்டை அவுக்க?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் நல்ல மனுஷர். அடையாளம் தெரியாதவர்கள் என்று தனிக் கட்டுகள் இருந்தன. அதிலும் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கிறிஸ்தவக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுத்தார். எல்லாம் மலையாளம். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவள் கேட்டுத் தலையாட்டுவாள்... இல்லை, இது அவர் இல்லை.

வாரா வாரம் வந்தாள். கருவாடு கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுக்கப் பார்ப்பாள், சைவக்காரரான அவர் பதறி விலகுவார், அது எனக்கு வந்துசேரும். அவள் வருகிற கிழமைக்காக நான் வேட்டியை வெளுத்து வைக்க ஆரம்பித்திருந்தேன். என் மனசு அவளுக்கும் தெரியும். ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டும் விட்டேன். தாள் வரட்டும் என்றாள், அவ்வளவுதான்.

கிறிஸ்தவக் கட்டு முடிந்தது. ஒன்றுமில்லை. இனி அவளுக்கு இரணியலில் வேலையில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மற்றக் கட்டுகளையும் பார்த்துவிடலாமே என்று பிள்ளையிடம் கெஞ்சினேன். கிடைக்கும் என்று நம்பிக் கேட்கவில்லை. இன்னும் சில வாரம் அவள் வரட்டும் என்றுதான்.

இந்துக் கட்டில் இருந்தது.

ஆண், நடுவயது. கழுத்தில் கயிறு. கயிற்றின் இரண்டு முனையிலும் தவிட்டுநிறத் துணித்துண்டு, ஓரம் வலைநூலால் தைத்தது, மந்திரக்கட்டு என்று தோன்றுகிறது... இப்படி எழுதியிருந்தது. எழுதியவர் உள்நாட்டுக்காரராக இருக்க வேண்டும். கடற்கரையில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும், அது கத்தோலிக்கர் கழுத்தில் போடுகிற மாதாவின் உத்தரியம் என்று. அவர் தாயத்து என்று நினைத்து ஆளை இந்துவாக்கிவிட்டார்.

"ஓரம் பிஞ்சுபோச்சுன்னு நான் தச்சது. இனி ஒருக்கா வாசியுங்க" என்றாள்.

மறுபடி வாசித்தேன். கடைசி வரிக்கு இப்போதுதான் வந்தேன். உடலைக் கடற்கரையிலேயே எரித்ததாக இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு எரிப்பது என்றால் நெஞ்சு நடுங்கும். உயிர்த்தெழ உடம்பு வேண்டாமா? புதைத்தார்கள் என்று மாற்றி வாசிக்கலாம். அவளுக்கு எழுத்து தெரியாது. பிள்ளையும் கண்ணால் அதைத்தான் சொன்னார்.

உள்ளதை வாசித்தேன்.

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பிள்ளை வெளியே போய்விட்டார். கோர்ட்டு முத்திரை போட்ட நகலை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பூசை முடிந்து, துக்கம் கழித்து, சொல்லி அனுப்பினாள்.

ரொம்ப காலம் கழித்து, எங்கள் பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகு, அதைப் பற்றி அவளிடம் கேட்டேன். எரித்ததைச் சொன்னதில் என்மேல் வருத்தமா என்று. மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பொதைச்சாவன்னு வாசிச்சிருந்தா நான் குழியத் தேடிப் போயிருப்பேன். இன்னும் தேடிட்டேதான் இருப்பேன்."

இப்போது எந்த ஊர்க் கேஸாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினால் வந்துவிடும் என்கிறான் பேரன். நல்லதுதான். ஆனால் அப்படி வந்திருந்தால் எனக்கு அந்த வாரங்கள் கிடைத்திருக்காது.

சும்மா திரேசம்மாள் பேரைத் தட்டச் சொன்னேன். தட்டினான். ஒன்றும் வரவில்லை தாத்தா என்றான். எப்படி வரும்? வழக்கு வம்பு எதற்கும் போகாமல் வாழ்ந்து போனவள்.

பரவாயில்லை. அவளை நான் தேட வேண்டியதில்லை. கோயில் கல்லறைத் தோட்டத்தில், தென்கிழக்கு மூலையில் இருக்கிறாள். பக்கத்து இடம் காலி.