துவைத்த சட்டையும் முதல் பலூனும்

இதயக் குழாய்க்குள் பலூனை அனுப்பி அடைப்பைத் திறக்கும் வேலையை எண்பதுகளில் கற்றுக்கொண்டேன் என்று நான் சொன்னால், அது மரியாதையான பொய். திட்டு வாங்கினேன்; இடையிடையே கொஞ்சம் வேலையும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பெரிய டாக்டர் சீனர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கசப்பு மருந்தை அடக்கி வைத்திருப்பவர் போல இருப்பார். முதன்முதலாகப் பலூனை என் கையில் கொடுத்த காலையில், இன்றைக்குக் கை நடுங்கினால் திங்கட்கிழமையிலிருந்து பொது வார்டுக்கே போய்விடு, இந்த அறைப் பக்கம் தலை காட்டாதே என்றார். கைதானே, முழங்காலுக்கு அனுமதி உண்டா என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. எக்ஸ்ரேக்காகப் போடும் ஈய அங்கி முழங்காலை மறைத்தது; அது நல்லா இருக்கட்டும்.

மேசையில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் மிச்சமிருந்த தைரியமும் போனது. சிராங்கூன் சாலைத் துணிக்கடை பாய். கொஞ்ச நாள் முன்னால் அவரிடம் வாங்கிய சட்டை, முதல் துவைப்பிலேயே என் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டது. மாற்றித் தரக் கேட்டதற்கு நடுக்கடையில் நிற்கவைத்து வார்த்தையாலேயே கிழித்தவர்.

"நீயா? சட்டை துவைக்கத் தெரியாதவன் கையிலயா என் நெஞ்சைக் குடுத்திருக்காங்க?"

இந்தச் சிகிச்சையில் ஆளை மயக்குவதில்லை. தொடையிடுக்கை மரக்க வைத்து, அங்கிருந்து பலூன் வைத்த மெல்லிய குழாயை நெஞ்சுவரை ஏற்றுவோம். பலூனை ஊதும்போது ரத்தம் தடைபட்டு நெஞ்சு வலிக்கும். அதனால் ஆள் நினைவோடு இருக்கிறாரா என்று தெரிய, பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாயைப் பேசவைக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய் ஏற ஏற என் படிப்பு, என் தொப்பை, என் முகம் எல்லாவற்றையும் தமிழில் கழுவி ஊற்றினார். என்ன சொல்கிறார் என்று தமிழ் தெரியாத பெரியவர் கேட்டார். சௌகரியமாக இருக்கிறாராம் என்றேன்.

பலூனை ஊதினேன். பாய் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

ஆளைக் கொன்றுவிட்டேன் என்று முடிவு கட்டினேன். திரையில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. யாரும் சொல்லாமலே பலூனை இறக்கிவிட்டேன். பாய் வலியில் பல்லைக் கடித்திருந்தார், அவ்வளவுதான். அடைப்பு அப்படியே இருந்தது.

"யார் இறக்கச் சொன்னது? இன்னொரு தடவைதான் லா உனக்கு," என்றார், கோபத்திலும் எங்கள் ஊர் ‘லா’வை விடாத பெரியவர். பலூன் ரத்தக் குழாயைக் கிழித்தால் நெஞ்சைப் பிளக்கவென்று கதவருகே நின்ற அறுவை டாக்டர், எங்கள் வேலையையே பிடிக்காதவர், ஆசையோடு கையுறையைத் தேடினார்.

இதய நோயாளியைக் கோபப்படுத்தக் கூடாது என்று அத்தனை புத்தகத்திலும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் என் முழங்கால்களோடு நின்றதில்லை. குனிந்தேன்.

"பாய், அந்தச் சட்டை விஷயத்துல தப்பு உங்க மேலதான். உங்க துணியே மட்டம்."

ஊதினேன். வலியோடு வலியாக என் பரம்பரையையே இழுத்தார். மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்த வரையில் என் கை அசையவில்லை. பெரியவர் சொன்ன பிறகே இறக்கினேன். ரத்தக் குழாய் திறந்திருந்தது.

பெரியவர் பாராட்டவில்லை. திங்கட்கிழமை இந்த அறைக்குச் சீக்கிரம் வந்து தொலை என்றார். எனக்கு அது போதும்.

பாய் தேறிக் கடைக்கு வந்ததும் சட்டையோடு போனேன். விரித்துப் பார்த்தார். பொறுமையாக மடித்துத் திருப்பி நீட்டினார்.

"அடைப்பை எடுத்துட்டே, சரி. அதுக்காகத் துவைச்ச சட்டையை மாத்த முடியாது."